கடைசி வரிசை

இந்த வெயில் ஊரில் கம்பளிக் கோட்டு போடச் சொன்ன புண்ணியவான் யாரோ, பல்கலைக்கழக மாணவர் படையின் விழா உடை அன்றிலிருந்து மாறவேயில்லை. கழுத்துவரை பித்தளைப் பொத்தான், இடுப்பில் அகலமான சிவப்பு பெல்ட், தொப்பியில் ஒரு வெள்ளை இறகு. மேடையில் கர்னல் படையின் வரலாற்றை முழங்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் நின்ற ஜெசிந்தாவின் கண், முன்னால் நிற்கும் பரிமளாவின் இறகிலேயே இருந்தது. காற்று துளியும் இல்லை. இறகு ஆடியது.

“கண்ணு இருட்டுதுடி,” என்று திரும்பாமலே முனகினாள் பரிமளா.

ஜெசிந்தா மெல்லக் கையை நீட்டி, அவளுடைய பெல்ட்டுக்குள் இரண்டு விரலை நுழைத்து இழுத்துப் பிடித்தாள். “பிடிச்சிட்டேன். நில்லு.”

“முன்பு இதே மைதானத்தில், இதே உடையில் ஒரு கேடட் மயங்கி விழுந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை,” என்றார் கர்னல். “அணியில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நம் படை!”

கைதட்டல் எழுந்தது. ஜெசிந்தாவுக்கும் மைதானம் சுழன்றது. முழங்கால் மடங்கப்போன நொடியில், அவளுடைய பெல்ட்டுக்குள் பின்னாலிருந்து இரண்டு விரல்கள் நுழைந்து இறுகப் பிடித்தன.

கடைசி வரிசைக்குப் பின்னால் வெறும் மைதானம்தான்.

ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை.