சத்தமாப் படி, காவியா

எல்லாரும் சௌக்கியமா? கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் பாலும் தூக்கமும் ஒழுங்காக நடக்கிறதா? அப்படியானால் கொஞ்சம் உட்கார்ந்து காவியாவின் கதையைக் கேளுங்கள்.

படித்துக்கொண்டே இருந்த காவியா, தொண்டை வறண்டுபோய் ஒரு நிமிடம் நிறுத்தினாள். அவ்வளவுதான், கதவைத் தள்ளிக்கொண்டு நிர்மலா உள்ளே வந்துவிட்டாள். வந்ததும் தொட்டிலுக்குள் குனிந்து குழந்தையைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு நிறுத்திட்ட? சத்தமாப் படி" என்றாள்.

நிர்மலா, காவியாவின் கணவன் அருள்குமாருக்கு அக்கா. கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் வயிறு திறக்காதவள். பிரசவமான காவியாவைப் பார்த்துக்கொள்ளப் பிறந்த வீட்டில் அம்மா இல்லை என்று, அதியமான்கோட்டையிலிருந்து துணிப்பையோடு கிளம்பி, காரிமங்கலத்துப் பக்கம் இருந்த தம்பியின் தோட்டத்து வீட்டில் வந்து தங்கியிருந்தாள்.

குழந்தைக்குப் படித்துக் காட்டச் சொன்னது ஊருக்கு வரும் நர்ஸம்மா. அதுக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்துவிடாதே, பெற்றவள் குரலைக் கேட்டுத்தான் அது வளரும் என்றார். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டும், குழந்தை 'ங்கா' என்றால் நிறுத்திப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். போகும்போது வாசலில் நிர்மலாவிடம் மட்டும் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நிர்மலா முறத்தை எடுத்துக்கொண்டு அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் இருந்த ஒரே படப் புத்தகம் தீர்ந்த பிறகு, கல்யாணப் பத்திரிகை, உர மூட்டையோடு வந்த நோட்டீஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் காவியா படித்தாள்.

"உரம் வெக்கிற அளவெல்லாம் சொல்லிக் குடுக்கிற. பாப்பா நாளைக்கே தக்காளிக்குத் தண்ணி கட்டப் போயிரும்போல" என்று வெளியிலிருந்து நிர்மலா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே காவியா தொட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

பால் ஊற்ற வரும் தீர்த்தம்மாள் வேறு சும்மா இருக்கவில்லை. "ஏம்மா காவியா, புள்ள பெக்காதவ ராவும் பகலும் தொட்டிலயே சுத்திச் சுத்தி வரா. நல்லதுக்குன்னா நெனைக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் காவியாவுக்கு ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள். சத்து மாத்திரை என்று நிர்மலா தினமும் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை நின்று பார்த்தாள். தன்னைத் தூங்கவைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கத்தான் இந்த ஏற்பாடு என்று காவியாவுக்குத் தோன்றிவிட்டது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அப்புறம் ஜன்னல் வழியே துப்பினாள்.

பொட்டுத் தூக்கம் இல்லாமல் எத்தனையோ நாள் ஆகியும் அவளுக்கு அசதியே தெரியவில்லை. பல்லி கத்தினால்கூட, பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று தன்னிடம் சொல்வதாகவே பட்டது.

ஒரு நாள் காலையில் நிர்மலா கூடத்தில் யாரிடமோ போன் பேசியது அவள் காதில் விழுந்தது.

"கொஞ்ச நாளைக்குப் பாப்பாவ எங்க வூட்டுக்கே எடுத்துட்டுப் போயர்றங்க. இவளுக்கு இப்பத் தெரிய வேணாம்."

பக்கத்தில் நின்ற அருள்குமார் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தக்காளிப் பெட்டிகளோடு மார்க்கெட்டுக்கு வண்டியை எடுத்தான். பெற்ற அப்பனே சேர்ந்துகொண்டான், இனியும் பொறுத்தால் பிள்ளை தன் கையில் இருக்காது என்று காவியா முடிவு கட்டினாள்.

மதியம், உர நோட்டீஸை முதலிலிருந்து கடைசிவரை படித்துச் செல்போனில் பதிவு செய்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெறும் தொட்டிலில் போனை வைத்து ஓடவிட்டாள். அறைக்குள் அவள் குரல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று படித்துக்கொண்டிருக்க, பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள்.

தடுக்க யாரும் இல்லை. வரப்பைத் தாண்டினால் பஸ் ரோடு, பஸ்ஸைப் பிடித்துவிட்டால் கடத்தூரில் அப்பா வீடு. அதற்குள் உறுமல் சத்தம் கேட்டது. பஸ் வந்துவிட்டது என்று கால்களை எட்டிப் போட்டாள்.

சத்தம் நெருங்க நெருங்க, ஏறிக்கலாம் பாப்பா, ஏறிக்கலாம் என்று குழந்தையின் காதில் சொல்லிக்கொண்டே போனாள். இதோ படி. ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கினாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து, மூச்சு வாங்க நின்றாள் நிர்மலா.

பிள்ளையைப் பிடுங்கிவிடுவாள் என்று காவியா குழந்தையை நெஞ்சோடு அமுக்கினாள். நிர்மலாவோ பிள்ளைக்குக் கை நீட்டவே இல்லை. காவியாவை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, அடி அடியாகப் பின்னுக்கு இழுத்து, மண்ணில் உட்காரவைத்து, தானும் அவளைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"உஞ்சத்தம் நின்னுபோச்சு, ஓடியாந்தேன். அது பஸ்ஸு இல்ல, மோட்டாரு ஓடுது" என்றாள்.

காவியா நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. கால் வைக்கப்போன இடத்தில் தரையே இல்லை. வெகு ஆழத்தில் தண்ணீர் கருகருவென்று கிடந்தது.

நிர்மலா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"மறுபடியும் கெணத்து மேட்டுக்கே வந்துட்டியே, கண்ணு."