முப்பத்தோராம் அடுக்கு

“இது கட்டி இல்ல, எப்பா. என் மெஷினோட கோளாறு” என்றான் தோர்கெல், திரையில் இருந்த படத்தைக் காட்டி.

டாக்டர் எப்பா சிரித்தாள். “மார்பகத்தை அடுக்கடுக்கா பிரிச்சுக் காட்டற இந்த முப்பரிமாண எக்ஸ்ரேக்குப் பத்து வருஷமா உயிரை விட்டவன் பேசற பேச்சா இது? கோளாறுன்னா எல்லா அடுக்குலயும் தெரியுமே. இது முப்பத்தோராம் அடுக்குல மட்டும் நட்சத்திரம் மாதிரி நிக்குது, பாரு.”

“எக்ஸ்ரே குழாய் நகர்றப்போ ஆடியிருக்கும்.”

“நேத்துதானே நீயே சரிபார்த்தே? பழைய எக்ஸ்ரேல இந்த மார்பகம் சுத்தம்னு எழுதினது நான்தான். நான் தவறவிட்டதை உன் மெஷின் பிடிச்சிருக்கு. சந்தோஷப்படுடா, மண்டு!”

பெயர் தெரிந்தால் டாக்டரின் கண் ஏமாந்துவிடும் என்று, மால்மோ ஆய்வகத்தில் படத்தின் மேல் எண்ணை மட்டும்தான் எழுதுவார்கள். இது பதினாலாம் எண்.

“இன்னொரு தடவை பாரேன்” என்றான்.

பார்த்தாள். “கட்டிதான். ரொம்பச் சின்னது. நாளைக்கே வரச் சொல்லணும்” என்று கையெழுத்திட்டாள்.

தோர்கெல் வெளியே வந்து வீட்டுக்கு ஃபோன் செய்தான். எடுத்தது அவன் மனைவி மாலின்.

“என்னை வெச்சுப் படம் எடுத்தியே, உன் மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சுதா?”

“செஞ்சுது, மாலின்” என்றான். “நான் இப்பவே வீட்டுக்கு வரேன்.”