இரண்டாவது பாக்ரி

சாயலி இரண்டாவது சோள ரொட்டியை, பாக்ரியை, பிட்டு ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்தபோது, மாருதி வஸ்தாத் எதிரே வந்து நின்றார். கோலாப்பூரில் பெயர்பெற்ற மல்யுத்தக் கூடத்தின் வஸ்தாத், அதாவது ஆசான், அவர். அவர் முறைத்தால் பெரிய பயில்வான்கள்கூடக் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். சாயலி வாயில் வைத்தாள்.

"காலையில ஒரு மணி நேரம் ஓடினியே, எதுக்கு?"

"அறுநூறு கலோரி எரிஞ்சிருக்கு வஸ்தாத்." கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். "எரிஞ்சதைத் திரும்ப உள்ள வைக்கிறேன்."

"வாசல்ல கூட்டின குப்பையைக் கொல்லைப்பக்கமா உள்ள கொண்டு வர்ற மாதிரி இருக்கு. இப்படித் தின்னா எடை எப்படிக் குறையும்?"

சாயலி குழம்பை வழித்தாள்.

மாவட்டத் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஒருத்திக்கு மட்டும்தான் மாநில அணியில் இடம். சாயலியின் எடை ஐம்பத்து நான்கு கிலோ. ஐம்பத்து மூன்றுக்கு இறங்கியே ஆக வேண்டும் என்பது வஸ்தாத்தின் உத்தரவு.

போன வருடமும் அப்படித்தான் இறங்கினாள். பதினைந்து நாள் மோரும் வெள்ளரிக்காயும். முதல் சுற்றிலேயே கண் இருட்டி விழுந்தாள். இந்தப் பெண்ணுக்குத் தெம்பு போதாது என்று கூடமே பேசியது.

வஸ்தாத்தின் மகள் ருதுஜாவுக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. அவள் ஐம்பத்தைந்து கிலோப் பிரிவு. தினமும் வீட்டில் நெய் மிதக்கும் ரவை ஷீரா, கேசரி மாதிரி. இரண்டு வருடமாக எதிர்த்து நிற்க ஆளில்லாமல், நடுவர் வந்து அவள் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

வஸ்தாத் சாயலியின் வீட்டுக்கே போய் முறையிட்டார். அன்றிரவு அம்மா பாக்ரித் தட்டை ஒளித்து வைத்துவிட்டுக் கெஞ்சினாள்.

"பசிச்ச வயித்தோட ஒரு தடவை தோத்தது போதும் ஆயி," என்றாள் சாயலி. தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் ஓடினாள், மறுநாளும் தின்றாள்.

தேர்வு நாள் காலை, எடை மெஷினில் ஏறினாள். ஐம்பத்து நான்கு கிலோ இருநூறு கிராம்.

எழுத்தர் ஐம்பத்து மூன்று கிலோப் பட்டியலில் இருந்த அவள் பெயரைக் கோடிட்டு அடித்தார். எடை கூடினவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அடுத்த பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அவர் ஐம்பத்தைந்து கிலோப் பட்டியலை எடுத்தார்.

வஸ்தாத் அவளைத் தனியே இழுத்தார். முகம் வெளுத்திருந்தது. "மறு எடைக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. கம்பளியைப் போத்திட்டு ஓடு. வேர்வையில இறங்கிடும். நான் சொல்றதைக் கேளும்மா." அவர் 'அம்மா' போட்டு அழைத்து அவள் கேட்டதே இல்லை.

சாயலி பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நிதானமாக உரித்தாள். பாதியைக் கடித்து மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"ருதுஜாவைக் களத்துக்கு வரச் சொல்லுங்க வஸ்தாத்."