முளைப்பாரி எடுக்கக் கூடாதவள்

“கிறுக்குக்குப் பாக்குற டாக்டர்ட்ட போற புள்ள முளைப்பாரி எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்,” என்றார் பூலோகம். சங்கத்துத் தலைவர் ‘அவ்வளவுதான்’ என்றுவிட்டால், தாராவிக்குப் பிழைக்க வந்த ஒரே ஊர்க்காரர்கள் நூற்றிருபது குடும்பத்துக்கும் அவ்வளவுதான்.

செண்பகவல்லி எழுந்து நின்றாள். பக்கத்தில் அவள் மகள் இசக்கிசெல்வி, சங்கத்து அறை முழுக்கத் தன்னையே பார்ப்பது தெரிந்தும், காலை நீட்டி உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அம்மன் கொடை. இருபத்தொரு பெண்பிள்ளைகள், இருபத்தொரு முளைப்பாரி. பத்துக்குப் பத்து வீட்டில் முளைப்பாரிக்கு இருட்டு மூலை தேடுவது லேசில்லை. கட்டிலடியில் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாகத் தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள்.

வரிசையில் முதல் ஆள் தலைவர் மகள் முத்துமாரி. அதை முடிவு செய்ய எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை. அவளும் இசக்கிசெல்வியும் பதினொன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

“நீ பாத்ததச் சொல்லுலே, ராஜபாண்டி.”

பெல்ட் பட்டறை வைத்திருக்கும் ராஜபாண்டி தொண்டையைச் செருமினான். “சனிக்கிழம எங்கம்மைக்கு சுகர் மாத்திர வாங்கப் பெரியாஸ்பத்திரி போனேன். மெண்டல் ஓபிடி வாசல்ல இந்தக்கா உக்காந்திருந்தாவ. பக்கத்துல புள்ள. துப்பட்டாவ மூஞ்சியோட சுத்திக்கிட்டு, குனிஞ்ச தல நிமிரல.”

“ஏம்மா, உள்ளதா?”

“உள்ளதுதான் அண்ணாச்சி. போன சனிக்கிழமையும் போனேன், வார சனிக்கிழமையும் போவேன். டாக்டரம்மா கேக்காவ, புள்ள பேசுது, அழுவுது. ஆறு மாசமா ஒறங்காத புள்ள இப்பதான் ஒறங்குது. இதுல என்ன தப்பு?”

“சாமி காரியம்லா?” என்றார் ஒருவர். “நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றாள் ஒருத்தி. எவன் கட்டுவான் என்ற கேள்வியிலேயே நம் ஆட்களுக்குப் பாதி வைத்தியம் நின்றுபோகிறது.

பூலோகம் இசக்கிசெல்வி பக்கம் திரும்பினார். “ஏட்டி, ஒனக்கு என்னட்டி கொற?”

“பசிக்கி மாமா. கூட்டம் எப்ப முடியும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பூலோகத்துக்கு முகம் சிவந்தது.

“இந்தா, இதான் கிறுக்குங்கது! செம்பூர் சங்கத்துக்காரன் கேட்டா சிரிக்க மாட்டானா? காச்சல்னு சொல்லிக் கமுக்கமா வைத்தியம் பாத்தா யாரு கேக்கப்போறா? சரி, ஒண்ணு செய்யி. ‘நான் போகவே இல்ல, ராஜபாண்டி வேற யாரையோ பாத்துட்டான்’னு அம்மன் முன்னால ஒரு வார்த்த சொல்லு. ஒன் மவ எடுத்துட்டுப் போட்டும்.”

“சொல்ல மாட்டேன்.”

“பெத்த மவ பேரு கெட்டாலுமா?”

“காச்சல்னா தெரு பூராச் சொல்லி கஷாயம் கேக்கிய. மனசுக்கு முடியலன்னா மட்டும் கதவச் சாத்துதிய. உள்ள புள்ள என்ன பாடுபடுதுன்னு யாருக்குத் தெரியும்? எங்க வீட்ல சோறு திங்கும்போது ‘இன்னைக்கு மனசு எப்படிட்டி இருக்கு’ன்னு கேப்போம். இவ வண்டி வண்டியாச் சொல்லுவா. ஒங்க வீட்ல கேட்டிருக்கியளா அண்ணாச்சி?”

“எதுக்குக் கேக்கணும்? என் வீட்லயும்தான் பொட்டப்புள்ள இருக்கு. ஒரு கொற உண்டா? இருக்க எடம் தெரியாது. வாயே தொறக்காது!”

“அது கொறையா இல்லையான்னு அந்தப் புள்ளட்ட கேட்டியளா?”

தலைவரின் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழப்போனாள். “நீங்க இரிங்க மைனி, நான் பேசிக்கிடுதேன்,” என்றாள் செண்பகவல்லி. அவளும் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்த வீட்டில் அவளுக்கு இருபது வருஷமாக அதுதான் பழக்கம்.

பூலோகத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சங்கத்து நோட்டை விரித்தார். “இசக்கிசெல்வி பேர அடிச்சிருதேன். அவ வளத்தத மான்குர்த்ல இருக்க எங்கக்கா பேத்தி எடுப்பா. எல்லாரும் கேட்டுக்கிடுங்க, இனி மெண்டல் டாக்டர்ட்ட போற புள்ள எவளா இருந்தாலும் இதான் சட்டம்.”

“அடிங்க அண்ணாச்சி, நோட்டு ஒங்க நோட்டு. ஆனா செவ்வாக்கிழம ஒங்க வரிசைக்குப் பின்னால என் மவ தனியா எடுத்துட்டு வருவா. தொண்ணூறடி ரோடு ஒங்க சங்கத்துக்குச் சொந்தமில்ல.”

தலைவருக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசாத சங்கத்தில் இப்படி ஒருத்தி பேசிவிட்டாள். பூலோகம் பல்லைக் கடித்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

முன்வரிசையில் முத்துமாரி எழுந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள இசக்கிசெல்வியும் எழுந்து போய் நின்றாள்.

“எப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறது நான். இப்ப பேர அடிங்க பாப்போம்.”