பாரம் கூடிய காலை

இரத்மலானையில் மழை விட்டும் வானம் வெளிக்காத காலை. அரசாங்க விமானத்தில் ஏறுமுன், தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் எங்களையும் நிறுக்கிறார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வாப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. நானும் தம்பி மர்ஸூக்கும் அவரிடம் போகிறோம். வெள்ளைக்கார பைலட் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். குமாஸ்தா தராசு முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "பாரம் கூடிப்போச்சு. உங்களிலை மெலிஞ்ச ஆள் போகட்டும், மற்றவர் நாளைக்கு." மர்ஸூக், அண்ணன் என்றும் பாராமல், என் வயிற்றைத் தட்டிச் சிரிக்கிறான். "ராவு புரியாணியைக் கொறச்சிருக்கலாமே, நானா! நாளைக்கி வாங்க. வாப்பாக்கிட்ட நான் ஈக்கிறேன்." அவன் குரலை நான் கேட்பது இதுவே கடைசி. வடக்கே வானம் ஈயம்போல் கறுத்துக் கிடக்கிறது. விசிறிகள் சுழல, ஓடுபாதைத் தண்ணீர் சிதறுகிறது. ஜன்னல்களில் ஆவி படர்ந்து முகங்கள் தெரியவில்லை. எதன் பின்னால் அவன் இருக்கிறானென்று அறியாமல், ஏழு ஜன்னல்களுக்கும் கை அசைக்கிறேன்.