ஆஸ்லோவுக்கு ரொட்டிப் பொட்டலம்

மீனவர் டோர்லைஃப் ரொட்டித் துண்டுகளில் பாலாடைக்கட்டி வைத்து, காகிதத்தில் சுற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்லோவுக்குப் போறது ரெண்டே நாளு. ஊருக்கே பந்தி வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி ராக்ன்ஹில்.

"அங்க ரெண்டாவது காபி கேட்டா, படகையே வித்தாகணும்."

"அங்க துறைமுகத்து ஓட்டல்ல ஒரு வேளையாவது சாப்பிடணும்னு எனக்கு எவ்வளவு ஆசை."

"நான் பிடிக்கிற அதே மீன்தான். மேல ஒரு இலையை வெச்சு நாலு மடங்கு கேட்பான்."

"அதுக்காக அந்த வாசல்லயே உக்காந்து ரொட்டி தின்னா மானம் போகாதா?"

அப்போது மகன் ஐவின் ஆஸ்லோவிலிருந்து போன் செய்தான்.

"உங்கப்பா ரொட்டி கட்டுறாருடா. நீயாவது புத்தி சொல்லு," என்றாள்.

"அம்மா, எனக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லேன்."

"உனக்கு எதுக்குடா? அந்த ஓட்டலுக்கே நீதானே முதலாளி?"

"அதனாலதாம்மா கேக்கறேன். எங்க ஓட்டல் விலை எனக்கே கட்டுப்படியாகல. தினமும் வீட்டுலேர்ந்து ரொட்டிதான் கொண்டு போறேன்."

டோர்லைஃப் தலை நிமிராமல் அடுத்த பொட்டலத்தை மடித்தார்.

"அவனுக்கும் சேர்த்துத்தான் கட்டுறேன்னு சொல்லு."