முந்திப் போன த்ராட்டில்

கணினியில் விமானச் சண்டை விளையாட்டு சூடுபிடித்திருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஓர் உயிர். விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக் மேசையின் வலப்பக்கம் இருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடப்பக்கம். அதற்குக் கூட்ட மட்டும்தான் பிடிக்கும்.

எதிரி விமானம் நேர் முன்னால் தெரிந்தது.

"இப்படியே அவன் பின்னால் போனால் சுட்டுவிடலாம். கொஞ்சம் வேகத்தைக் குறையேன்," என்றது ஜாய்ஸ்டிக்.

"குறைப்பதா? எங்கள் பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் கிடையாது!"

"எஞ்சின் கொதிக்கிறது. இந்த வேகத்தில் என்னால் திருப்பவும் முடியாதப்பா."

"உனக்குப் பயம். பேசாமல் வா."

எதிரி சட்டென்று தன் வேகத்தைக் குறைத்தான். இவர்கள் விமானம் சர்ரென்று அவனைத் தாண்டிப் பறந்தது.

"பார்த்தாயா, முந்திவிட்டோம்! ஆளையே காணோம்!" என்று குதித்தது த்ராட்டில்.

"நமக்குப் பின்னால் இருக்கிறான்," என்றது ஜாய்ஸ்டிக்.

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

பின்னாலிருந்து குண்டுகள் படபடவென்று பாய்ந்தன. இறக்கை பிய்ந்து, விமானம் தலைகீழாகத் தரையை நோக்கி விழுந்தது.

த்ராட்டில் திரையிலிருந்த வேகமானியை எட்டிப் பார்த்தது.

"அடேயப்பா! இவ்வளவு வேகமாக நாம் போனதே இல்லையே!"